ஏழு பேருக்கு ஒரே நம்பர்

என் கைத்தொலைபேசி சத்தம் போட்டபோது நான் யாரோ ஒருவருடைய அடையாள அட்டைப் பிரதியை லேமினேட் பண்ணிக்கொண்டிருந்தேன். பிற்பகல் இரண்டு மணி இருக்கும். மஸ்கெலியாக் கடைத்தெருவில் காலையிலிருந்து விடாத மழை. பஸ்ஸுக்கு நின்றவர்களில் பாதிப் பேர் என் கடை வாசலில் ஒதுங்கியிருந்தார்கள். அவர்கள் குடைகளிலிருந்து வடிந்த தண்ணீர் போட்டோ கொப்பி இயந்திரத்தின் காலடி வரை வந்துவிட்டது. அந்த எரிச்சலோடுதான் தொலைபேசியை எடுத்தேன்.

ஆங்கிலத்தில் மூன்று வரி. வாழ்த்துகள், நீங்கள் பல்கலைக்கழக அனுமதிக்குத் தெரிவாகியிருக்கிறீர்கள், இணையத்தளத்துக்குப் போய் குறித்த நாளுக்குள் உறுதிப்படுத்துங்கள். அவ்வளவுதான்.

பெயர் இல்லை. விண்ணப்ப இலக்கம் இல்லை. எந்தப் பாடநெறி என்றும் இல்லை.

அப்போது எனக்கு வயது நாற்பத்தாறு. நான் எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் விண்ணப்பித்திருக்கவில்லை. ஆனால் அந்த வருடம் ஏழு பிள்ளைகளின் விண்ணப்பங்களில் என்னுடைய நம்பரைப் போட்டிருந்தேன். அந்த ஏழு பேரில் ஒருவருக்குக் கெம்பஸ் கிடைத்துவிட்டது. யாருக்கு என்று மட்டும் தெரியவில்லை.

ஏன் என் நம்பர்?

சென்ற வாரம் இந்தப் பத்தியில் அடையாள அட்டைப் படங்களைப் பற்றி எழுதியதை வாசித்துவிட்டு, "நீங்க எழுதினது எங்க சித்தப்பாவத்தானே?" என்று ஒருவர் கடைக்கே வந்து கேட்டார். இல்லை என்று சத்தியம் பண்ணி அனுப்பிவைத்தேன். இந்த வாரம் கேலி செய்யப்போவது என்னைத்தான். யாரும் சண்டைக்கு வரத் தேவையில்லை.

என் கடை ஒரு கொமியூனிகேஷன். போனுக்குக் காசு ரீலோட் போடுவோம், படிவம் நிரப்புவோம், பிரதி எடுப்போம். உயர்தரப் பரீட்சை முடிவு வந்ததும் தேயிலைத் தோட்டங்களிலிருந்து பிள்ளைகள் விண்ணப்பம் போட வருவார்கள். எல்லாம் இணையத்தில்தான். அந்தப் படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது. உங்கள் கைத்தொலைபேசி இலக்கம்.

பிள்ளை முழிக்கும். வீட்டில் ஒரே ஒரு போன், அது அப்பாவோடு கொழும்பில் இருக்கும். அல்லது அண்ணன் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை சிம்மை மாற்றுவான். இரண்டும் இல்லையென்றால் போன் வீட்டிலேயே இருக்கும், தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் சிக்னல் இருக்காது. பின்னால் வரிசையில் நிற்பவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். நான் பொறுமைக்குப் பேர்போனவள் இல்லை. "சரி, என் நம்பரப் போடுறேன், வந்தா சொல்றேன்" என்று என் நம்பரைத் தட்டிவிடுவேன்.

கடவுச்சொல்லும் அப்படித்தான். ஏழு பேருக்கும் ஒரே சொல், கடையின் பெயரும் ஒன்று இரண்டு மூன்றும். பாதுகாப்பு பற்றிப் படித்தவர்கள் இதை வாசித்தால் என்னை மன்னிக்க வேண்டும்.

எனக்கு வந்த கடிதம்

என் நம்பரை அப்படி வாரி வழங்கியதற்கு வேறு காரணமும் உண்டு.

நான் உயர்தரம் முடித்த காலத்தில் எல்லாமே கடிதம்தான். ஆனால் காம்பரா என்று நாங்கள் சொல்லும் லயத்து அறைக்கு விலாசம் கிடையாது. தோட்டத்தின் பெயரைப் போட்டால் கடிதம் தோட்ட ஆபீஸுக்குப் போகும். தப்பால்காரர் என்று ஒருவர் டவுனிலிருந்து பையில் சுமந்து வந்து ஆபீஸ் மேசையில் கொட்டுவார். அங்கிருந்து அது உரியவர் கைக்கு எப்போது வரும் என்பது கிளாக்கருடைய மனநிலையைப் பொறுத்தது.

ஆசிரியர் பயிற்சிக்கு நேர்முகத் தேர்வு என்று எனக்கு ஒரு கடிதம் வந்தது. எங்கள் தோட்டத்தில் அப்போது என்னையும் சேர்த்து மூன்று செல்வராணிகள். எந்தச் செல்வராணி என்று விசாரிக்கச் சோம்பல்பட்டு, சம்பள நாளில் எல்லாரும் வருவார்கள்தானே, அப்போது கொடுக்கலாம் என்று கிளாக்கர் அதை மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டார். சம்பள நாளில் சிரித்த முகத்தோடு என் அப்பாவிடம் கொடுத்தார். நேர்முகத் தேர்வு முடிந்து நான்கு நாளாகியிருந்தது.

அப்பா அந்தக் கடிதத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. திகதியை நான்தான் வாசித்தேன். வாசித்துவிட்டு அவரிடம் சொல்ல வாய் வராமல் கொல்லைப்புறம் போய் நின்றேன். அந்தக் கிளாக்கர் இப்போது உயிரோடு இல்லை. எனக்கு அவர்மேல் உள்ள கோபம் மட்டும் இன்னும் நன்றாகவே இருக்கிறது.

அதனால்தான் இந்தப் பிள்ளைகளின் செய்தி யாருடைய லாச்சியிலும் கிடக்கக்கூடாது, வந்த நிமிடமே போய்ச் சேர வேண்டும் என்று பிடிவாதம் வைத்திருந்தேன். நல்ல பிடிவாதம்தான். அதோடு கொஞ்சம் நிதானமும் இருந்திருக்கலாம்.

என் வாய்

செய்தியைப் பார்த்ததும் இணையத்தளத்தைத் திறந்தேன். ஊரே ஒரே நேரத்தில் திறந்திருக்க வேண்டும். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கால் மணி நேரம் பார்த்தேன். சுற்றியது.

அந்த நேரத்தில் கௌசல்யா கடைக்குள் வந்தாள்.

கௌசல்யா அந்த ஏழு பேரில் ஒருத்தி. டவுனிலிருந்து ஆறு மைல் மேலே ஒரு தோட்டத்தின் மேல் டிவிசனில் வீடு. அம்மா லெட்சுமி கொழுந்து பறிக்கிறார். அப்பா இல்லை. ஏழு பேரில் நல்ல பெறுபேறு அவளுடையதுதான். ஆனால் பரீட்சை முடிந்து மாதக்கணக்கில் வீட்டில் இருந்தாயிற்று, கெம்பஸ் வரும் வரும் என்று எத்தனை நாள் காத்திருப்பது என்று, கொழும்பில் துணிக்கடை ஒன்றில் வேலை செய்யும் அவள் மாமா அங்கேயே அவளுக்கும் ஒரு இடம் பிடித்திருந்தார். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் புறப்பட வேண்டும். அதற்குச் சான்றிதழ்கள் பிரதி எடுக்கத்தான் வந்திருந்தாள்.

பிரதி எடுத்துக்கொண்டே யோசித்தேன். ஏழு பேர். ஒரு செய்தி. இவளுக்கு வராமல் வேறு யாருக்கு வரும்? என் மனதில் அது யோசனையாக நின்றது ஒரு நிமிடம்தான். இரண்டாவது நிமிடம் அது உண்மையாகிவிட்டது. மூன்றாவது நிமிடம் வாயில் வந்துவிட்டது.

"கௌசல்யா, ஒனக்கு கெம்பஸ் கெடச்சிருச்சும்மா."

அவள் என்னை நம்பினாள். ஏன் நம்பமாட்டாள்? செய்தி என் போனுக்குத்தான் வரும் என்று அவளிடம் சொன்னதே நான்தான். வாசலில் ஒதுங்கியிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ ஒரு பெரியம்மா அவள் தலையில் கைவைத்து ஆசீர்வதித்தார். ஒரு சிங்களப் பெரியவர் விஷயம் என்னவென்று என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, தன் பையிலிருந்த வாழைப்பழச் சீப்பில் இரண்டைப் பிய்த்து அவள் கையில் கொடுத்தார். அவள் அழுதுகொண்டே வாங்கிக்கொண்டாள். எனக்கும் கண் கலங்கியது. அந்தச் சில நிமிடங்கள் நான் மிகவும் நல்லவளாக இருந்தேன்.

என் போனிலிருந்தே தோட்டத்துக் கங்காணியை அழைத்தோம். அவர் மூலம் மலையில் வேலையிலிருந்த லெட்சுமிக்குச் செய்தி போனது. லெட்சுமி கங்காணியின் போனிலேயே கொழும்பிலிருந்த தன் தம்பியிடம், புள்ள வேலைக்கு வரமாட்டாள் என்று சொல்லிவிட்டாராம். தம்பி அந்த இடத்துக்கு உடனே வேறொரு பெண்ணைச் சொல்லிவிட்டாராம். கங்காணி திரும்ப என் போனுக்கு எடுத்துச் சொன்ன இதையெல்லாம் பஸ் ஏறுமுன் கௌசல்யாவே என்னிடம் சிரிப்போடு சொன்னாள்.

ஒரு கோடு

நான்கு மணிக்குச் சற்று முன் இணையத்தளம் திறந்தது.

முதலில் கௌசல்யாவின் இலக்கத்தைத்தான் அடித்தேன். அவள் பெயர் வந்தது, பாடசாலை வந்தது, பெறுபேறு வந்தது. கடைசியில் 'தெரிவு' என்று ஒரு வரி. அதற்கு நேரே ஒரு சின்னக் கோடு.

மற்றவர்களுடையதையும் பார்த்தேன். கோடு. கோடு. ஐந்தாவதாக நிரோஜன் என்ற பையனுடைய பக்கத்தில் மட்டும் ஒரு பாடநெறியின் பெயரும் பல்கலைக்கழகத்தின் பெயரும் இருந்தன. பெறுபேற்றில் கௌசல்யாவுக்குப் பின்னால் நிற்பவன். அதிகம் பேர் கேட்காத ஒரு பாடத்தைக் கேட்டிருந்தான். அவனுக்குத்தான் வந்திருக்கிறது.

நிரோஜனுக்குச் சொல்லக்கூட எனக்குத் தோன்றவில்லை. ஒரு நாளைக்கு ஒரு தப்பு போதும் என்று இருந்தது. அந்தக் கிளாக்கராவது வந்த கடிதத்தை வைத்துக்கொண்டு கொடுக்காமல் இருந்தார். நான் வராத கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். கையிலிருந்த வேலையையும் அந்தப் பிள்ளை என் பேச்சைக் கேட்டு விட்டுவிட்டது.

போனில் சொல்லலாம் என்று ஒரு கோழைத்தனம் எட்டிப்பார்த்தது. கங்காணி மூலம் சொன்னால் அவள் காதுக்குப் போகுமுன் லயம் முழுக்கப் போய்விடும். கடையை இழுத்து மூடிவிட்டு ஓட்டோ பிடித்தேன். வழியெல்லாம் ஓட்டோக்காரர் ரோட்டைத் திட்டிக்கொண்டு வந்தார். நான் என்னைத் திட்டிக்கொண்டு போனேன்.

கேசரி

கௌசல்யாவின் வீட்டு முன் திண்ணையில், அந்த இஸ்தோப்பில், செருப்புகள் குவிந்து கிடந்தன. உள்ளே அக்கம்பக்கத்துப் பெண்கள். லெட்சுமி கொழுந்து பறிக்க இடுப்பில் கட்டியிருந்த சாக்கைக்கூட அவிழ்க்காமல் அடுப்படியில் நின்றார். என்னைக் கண்டதும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். மழையில் ஊறி, கொழுந்துக் கறை பிடித்த கை. ஒரு கதிரையைத் துடைத்துப் போட்டு உட்காரவைத்து, தட்டில் கேசரி கொண்டுவந்து கொடுத்தார்.

நான் அதைச் சாப்பிட்டேன்.

இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை, ஏன் சாப்பிட்டேன் என்று. வேண்டாமென்றால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொல்ல வாய் வரவில்லை. பேசக் கூடாத நேரத்தில் ஓடுகிற வாய், பேச வேண்டிய நேரத்தில் கேசரியை மென்றுகொண்டிருந்தது. ஏலக்காய் போட்டு நன்றாகத்தான் செய்திருந்தார்கள்.

தட்டு காலியானதும் வேறு வழியில்லை. கௌசல்யாவையும் லெட்சுமியையும் உள்காம்பராவுக்குக் கூப்பிட்டுச் சொன்னேன். செய்தியில் பெயர் இருக்கவில்லை, நானாக நினைத்துக்கொண்டேன், இப்போது பார்த்தால் அது வேறொரு பையனுக்கு, தப்பு முழுக்க என்னுடையது என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

லெட்சுமி இடுப்புச் சாக்கை இப்போதுதான் அவிழ்த்தார். மெதுவாக மடித்து மூலையில் வைத்தார்.

"நாளைக்கு அவ போக வேண்டிய எடத்துக்கு வேற புள்ளயச் சேத்துட்டாங்கங்க" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அடுத்த காம்பராவில் பேச்சு நின்றுவிட்டது. கதவு இருந்தால்தானே ரகசியம். ஒவ்வொருவராகத் தட்டை வைத்துவிட்டு எழுந்து போகும் சத்தம் கேட்டது.

கௌசல்யா தலையை நிமிர்த்தினாள். "அக்கா, அந்தப் பக்கத்த நான் பாக்கணும்" என்றாள்.

பார்த்து என்ன ஆகப்போகிறது, கோடுதான் போட்டிருக்கிறது என்றேன்.

"அந்தக் கோட்ட நான் பாக்கணும். எனக்கு வந்தத நான் இன்னும் பாக்கவே இல்ல."

தண்ணீர்த் தாங்கி மேட்டில்

அந்த லயத்தில் சிக்னல் கிடையாது. பத்து நிமிடம் ஏறினால் தண்ணீர்த் தாங்கி இருக்கும் ஒரு மேட்டில் கொஞ்சம் கிடைக்கும். மழை தூறலாகக் குறைந்திருந்தது. இன்னும் வெளிச்சம் இருந்தது, எதிர் மலையில் மட்டும் மூட்டம் இறங்கத் தொடங்கியிருந்தது. கௌசல்யா முன்னால் போனாள், நான் நடுவில், லெட்சுமி கடைசியில். அந்த வழுக்குப் படியில் நான் விழாமல் இருக்க என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வந்ததும் லெட்சுமிதான். அந்தப் பிடியில் எனக்கு ஏற்பட்ட வெட்கத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

மேட்டில் கால் வைத்ததும் என் போன் சத்தம் போட்டது. நிற்கவில்லை. திரும்பவும் போட்டது. மறுபடியும் ஒரு தடவை.

எடுத்துப் பார்த்தேன். மூன்று செய்திகள். மூன்றும் அதே ஆங்கிலம், அதே மூன்று வரி. வாழ்த்துகள், நீங்கள் தெரிவாகியிருக்கிறீர்கள். பெயர் இல்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. செய்திகளை ஒரேயடியாக அனுப்பவில்லை. ஒவ்வொன்றாகப் பதிந்து ஒவ்வொன்றாக அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கோட்டுக்கு அர்த்தம் 'கிடைக்கவில்லை' என்பதாக இல்லாமல், 'இன்னும் பதியவில்லை' என்பதாகவும் இருக்கலாம். நிரோஜனைக் கழித்தால் மிச்சம் ஆறு பேர். அதில் மூன்று பேருக்கு வந்திருக்கிறது. பாதிக்குப் பாதி.

"என்னங்க வந்திருக்கு?" என்று லெட்சுமி கேட்டார்.

என் நாக்கு நுனியில் ஏதோ வந்தது. அதைக் கடித்துக்கொண்டேன். போனை அப்படியே கௌசல்யாவிடம் நீட்டினேன். கடவுச்சொல்லை மட்டும் சொன்னேன்.

அவள் குடைக்குள் குனிந்துகொண்டு அடையாள அட்டை இலக்கத்தை மனப்பாடமாக அடித்தாள். வட்டம் சுற்றியது. நான் பார்க்கவில்லை. தாங்கியின் சுவரில் யாரோ கரியால் எழுதியிருந்த கிரிக்கெட் ஓட்ட எண்ணிக்கையை வாசித்துக்கொண்டு நின்றேன். எத்தனை தடவை வாசித்தேனோ தெரியாது. பின்னால் சத்தமே இல்லை. அழுகிறாளா என்று பயந்து திரும்பினேன்.

அழவில்லை. வாசித்துக்கொண்டிருந்தாள். ஒரு தடவை வாசித்து, விரலால் மேலே தள்ளித் தன் பெயரைச் சரிபார்த்து, பாடசாலையைச் சரிபார்த்து, மறுபடி கீழே வந்து வாசித்தாள். பரீட்சை மண்டபத்தில் வினாத்தாளைப் பார்க்கிற மாதிரி, அவசரமே இல்லாமல்.

பிறகு அம்மாவைப் பார்த்து, "கெடச்சிருக்கும்மா" என்றாள். எந்தப் பல்கலைக்கழகம், என்ன பாடம் என்று அந்த வரியைத் தமிழில் சொன்னாள்.

தாங்கிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே ஈரத்தில் உட்கார்ந்தேன். அன்று பிற்பகலிலிருந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஒன்று இறங்கிப் போனது எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஓடிப்போய் அந்தப் பிள்ளையைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது. ஆனால் லெட்சுமி இன்னும் அசையவில்லை. மகள் முகத்தை ஒரு தடவை பார்த்தார். என்னை ஒரு தடவை பார்த்தார். திரும்ப மகளையே பார்த்தார்.

"இது அவங்க படிச்சுச் சொன்னதா, நீ படிச்சதா?"

"நாந்தாம்மா படிச்சேன். ரெண்டு தடவ படிச்சேன்."

லெட்சுமி அதற்குப் பிறகுதான் அழுதார்.